‘எழுத்து’ காலப் புதுக்கவிதையில் புனைவியல், நவீனத்துவ மரபுகளின் கலப்பு: ந. பிச்சமூர்த்தி, சி. மணி, பிரமிள் கவிதைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

‘எழுத்து’ இதழைச் சார்ந்து வளர்ந்த கவிஞர்களிடம் புனைவியலும் நவீனத்துவமும் கலந்து காணப்படுகின்றன என்பது பலரும் ஒப்பும் கருத்தாகும். அக்கலப்பு ‘உள்ளடக்கத்தில் புனைவியல், வடிவத்தில் நவீனம்’ என்னும் வாய்பாட்டால் விளக்கப்பட்டு வருகிறது. தமிழில் நிகழ்ந்தது பெரும்பாலும் இதற்கு மறுதலையானது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. யாப்பினின்று விடுபட்ட வடிவம் புனைவியலின் வழியாகவே தமிழுக்கு வந்தது. நவீனத்துவ மனநிலையோ யாப்போசையைத் துணைக்கொண்டு வந்தது. இவ்விரு வழிகளும் சந்தித்த இடங்களைச் சில கவிதைகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுக்கவிதை, புனைவியல், நவீனத்துவம், வசன கவிதை, யாப்பு, படிமம், நாடகத் தனிமொழி.

வாய்பாடும் அதன் விளைவும்

பிச்சமூர்த்தியைப் ‘புதுக்கவிதையின் தந்தை’ என்று குறிப்பிடாத இலக்கிய வரலாற்று நூல் இன்று அரிது. அவ்வாறு குறிப்பிட்ட பின்னர் அவர் கவிதைகளுள் ஒன்றையேனும் நின்று படிக்கும் நூல் அதனினும் அரிது. தந்தைக்குரிய மரியாதை செய்யப்படுகிறது. கவிஞருக்குரிய வாசிப்புச் செய்யப்படுவதில்லை. இந்நிலைக்கு மேற்கூறிய வாய்பாடு ஒரு காரணம். யாப்பை விட்டார் என்பதால் அவர் நவீனர். இயற்கையையும் ஆன்மிகத்தையும் பாடினார் என்பதால் பழையவர். எனவே வடிவத்திற்காக அவரைப் பாராட்டிவிட்டு, பொருளுக்காக மன்னித்துவிட்டு, ஆய்வாளர் அடுத்த கவிஞருக்குச் சென்றுவிட முடிகிறது. சி. மணியைப் பற்றிய வாசிப்பு வேறு வகையில் குறுகுகிறது. எலியட்டின் செல்வாக்கைச் சுட்டியதோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்துபோகிறது. வாய்பாடு தவறானால் இவ்விருவரையும் மீண்டும் படிக்கவேண்டிய கடமை ஏற்படும்.

கலைச்சொற்களைப் பற்றி ஒரு சொல். ‘ரொமாண்டிசிசம்’ என்பதற்குத் தமிழில் புனைவியல், கற்பனாவாதம், மனோரதியம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. மூன்றுமே கற்பனையையோ விருப்பத்தையோ முன்னிறுத்துவன; அதனால் மூன்றுமே ‘உண்மைக்குப் புறம்பானது’ என்னும் குற்றச்சாட்டைத் தமக்குள் கொண்டுள்ளன. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் வெளியிட்ட ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பிற்கு 1800இல் எழுதப்பட்ட முன்னுரை, செயற்கையான கவிதைமொழியை விடுத்து மக்கள் உண்மையில் பேசும் மொழியை நாடவேண்டும் என்று வாதிட்டது. இக்கொள்கை ‘கற்பனாவாதம்’ என்னும் பெயருக்குள் எங்கே அடங்கும்? மறுபுறம், ‘நவீன கவிதை’ என்பதும் ‘நவீனத்துவக் கவிதை’ என்பதும் ஒன்றாகவே ஆளப்படுகின்றன. முன்னது காலத்தைக் குறிப்பது. பின்னது ஒரு மனநிலையையும் அதற்குரிய உத்திகளையும் குறிப்பது. இக்கட்டுரையில் பழக்கம் கருதிப் புனைவியல் என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே உள்ள பிளவு ஆங்கிலத் திறனாய்விலேயே ஐயத்திற்கு உள்ளாகிவிட்டது. டி. இ. ஹியூம் புனைவியலைச் சமய உணர்வு தனக்குரிய இடத்தை விட்டு வழிந்தோடிய நிலையாகக் கண்டு இகழ்ந்தார். எலியட் 1919இல் எழுதிய ‘மரபும் தனித்திறனும்’ என்னும் கட்டுரையில் கவிதையைக் கவிஞனின் ஆளுமையிலிருந்து பிரித்தெடுத்தார். ஆயினும் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நூல்கள் இப்பிளவை மறுத்தன. பிராங்க் கெர்மோடின் ‘ரொமாண்டிக் இமேஜ்’ நவீனத்துவர் போற்றிய படிமம் புனைவியலின் வழித்தோன்றலே என்றது. ராபர்ட் லாங்பாமின் ‘தி பொயட்ரி ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ நாடகத் தனிமொழியை இரண்டிற்கும் பொதுவான வடிவமாகக் கண்டது. இதற்கு இரண்டாண்டுகள் கழித்துத்தான் ‘எழுத்து’ தொடங்கியது. ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்த இரு மரபுகள், தமிழ்க் கவிஞருக்குக் கல்லூரி ஆங்கிலப் பாடத்தின் வழியாகவும் நூலகங்களின் வழியாகவும் ஏறத்தாழ ஒருசேர வந்து வாய்த்தன. ஒன்றை மறுத்து மற்றொன்றை அடையவேண்டிய வரலாற்றுக் கட்டாயம் இங்கே இல்லை.

கட்டற்ற வடிவம் வந்த வழி

பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்னும் புனைபெயர் பூண்டவர். வால்ட் விட்மனைப் பற்றித் தமிழில் எழுதியவர். யாப்பற்ற அவருடைய ‘காட்சி’ ஞாயிற்றையும் காற்றையும் சக்தியையும் நேர்நின்று விளித்துப் போற்றும் பகுதிகளைக் கொண்டது. வேதப் பாடல்களின் விளிப்பு முறையும் விட்மனின் அடுக்கு நடையும் அங்கே கலந்துள்ளன எனலாம். யாப்பு ஏன் விடப்பட்டது என்னும் வினாவிற்கு அக்கவிதைகளே விடை தருகின்றன. பெருகிவரும் வியப்பிற்கு அளவிட்ட அடி போதவில்லை. கட்டுடைதல் அங்கே களிப்பின் வெளிப்பாடு. நவீனத்துவம் பேசும் சிதைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1900இல் கும்பகோணத்தில் பிறந்த பிச்சமூர்த்தி இவ்வழியிலேயே வந்தவர். விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ (1855) நூலையும் பாரதியின் வசன கவிதையையும் தம் முயற்சிக்குத் தூண்டுதலாக அவரே குறிப்பிட்டுள்ளார். 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த அவருடைய ‘காதல்’ புதுக்கவிதையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. கவிதைகளுக்கென அவர் தேர்ந்த புனைபெயர் ‘பிக்ஷு’. கடவுச்சீட்டும் கடிகாரமும் இன்றித் திரியும் துறவியின் தோற்றம் அப்பெயரில் உள்ளது. இதே மனிதர் வழக்கறிஞராகவும், பின்னர் அறநிலையத் துறையில் கோயில் நிருவாக அதிகாரியாகவும் பணியாற்றியவர் என்பதையும் நினைவிற்கொள்வது நல்லது. கணக்கேடுகளுக்கு நடுவே இருந்துகொண்டு இரவலனின் பெயரில் எழுதுவது புனைவியலுக்கே உரிய இரட்டை வாழ்வு.

விட்மன் எமர்சனின் சிந்தனை வழியே ஆங்கிலப் புனைவியலின் வாரிசு; எலியட்டுக்கும் பவுண்டுக்கும் ஒரு தலைமுறைக்கு மேல் மூத்தவர். ஆக, பாரதியிலிருந்து பிச்சமூர்த்தி வரை தமிழில் யாப்பு தளர்ந்தது புனைவியல் வேகத்தினால்தான். அவ்வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து ‘நவீனத்துவ வடிவம்’ என்று பெயரிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

யாப்போசையுடன் வந்த நவீனத்துவம்

இதன் மறுபக்கம் மேலும் கவனத்திற்குரியது. தமிழில் கசப்பையும் எள்ளலையும் நம்பிக்கையின்மையையும் கவிதைக்குள் முதலில் வலுவாகக் கொண்டுவந்தவர்களுள் புதுமைப்பித்தன் ஒருவர். ‘வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை’ என்னும் பெயரில் அவர் எழுதிய செய்யுள்கள் யாப்போசையை விட்டவை அல்ல. பழைய ஓசைக்குள் புதிய நஞ்சை வைத்ததே அவற்றின் வெற்றி. செவிக்கு வழிவழியாகப் பழகிய ஓசை உயர்ந்த பொருளை எதிர்பார்க்கச் செய்கிறது. வந்து சேரும் பொருளோ அவ்வெதிர்பார்ப்பைக் கேலி செய்கிறது. யாப்பு இல்லையெனில் இந்த முரணுக்கே இடமில்லை.

சி. மணி இதை விரிவாகச் செய்தார். 1962இல் ‘எழுத்து’வில் வெளிவந்த அவருடைய ‘நரகம்’ நகரத்தில் இச்சை தீராது அலையும் ஆணின் மனநிலையைச் சொல்லும் நீண்ட கவிதை. எலியட்டின் ‘பாழ்நிலம்’ (1922) அதன் பின்னணியில் இருப்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். ஆனால் அக்கவிதையை வாய்விட்டுப் படிப்பவர் செவியில் முதலில் விழுவது எலியட் அன்று, அகவலோசை. பழந்தமிழ் இலக்கியத்தின் சொல்லாட்சிகள் நகரத்துத் தெருக்களுக்கு நடுவே வந்து நிற்கின்றன. ஆங்கில விரிவுரையாளராகப் பணியாற்றிய மணி, ‘செல்வம்’ என்னும் பெயரில் யாப்பைப் பற்றி எழுதியவர் என்பதையும் இங்கே சேர்த்து நோக்கவேண்டும். மரபை அறியாமல் மீறியவர் அல்லர் அவர். கட்டற்ற கவிதை தளர்ந்து நீர்த்துப்போவதைக் கண்டு, எலியட்டும் பவுண்டும் தம் வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் இறுக்கமான நாலடிச் செய்யுள்களுக்குத் திரும்பியது இதனோடு ஒப்பிடத்தக்கது. எலியட்டின் 1920ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தகைய கவிதைகள் பல உள்ளன.

‘நரக’த்தில் புனைவியல் எங்கே உள்ளது? தனியே அலைபவன் என்னும் உருவத்தில் உள்ளது. ஆங்கிலப் புனைவியலில் அவன் மலையிலும் ஏரிக்கரையிலும் அலைந்தான். இங்கே அவன் தெருவிளக்கின் கீழ் அலைகிறான். இடம் மாறியதே தவிர, அடையமுடியாத ஒன்றை நோக்கிய ஏக்கமும், கூட்டத்திலிருந்து தன்னைப் பிரித்துணரும் தன்னுணர்வும் மாறவில்லை. தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. மாலைப்பொழுது முல்லைத் திணைக்குரிய சிறுபொழுது. தலைவன் மீண்டு வருவான் என்று காத்திருக்கும் பொழுது. நகரத்து மாலையில் எவரும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அகமரபின் முதற்பொருள் அப்படியே இருக்க, உரிப்பொருள் மட்டும் களவாடப்பட்டுவிட்டது. பழமையை மேற்கோளாக நிறுத்தி நிகழ்காலத்தின் வறுமையைக் காட்டும் எலியட்டின் உத்தியை மணி திணைமரபின் துணையோடு செய்திருக்கிறார் என்பது என் கருத்து. இதனை வெறும் ‘செல்வாக்கு’ என்று குறிப்பதோடு விட்டுவிடுவது அவருக்கு நீதி செய்வதாகாது.

க. நா. சுப்ரமண்யம் இவ்விளக்கத்திற்கு எதிர்ச்சான்றாக அமைவார் என்பதை ஏற்கவேண்டும். ‘மயன்’ என்னும் பெயரில் அவர் எழுதிய கவிதைகளில் யாப்பும் இல்லை, புனைவியல் மலர்ச்சியும் இல்லை. உரைநடைக்கு மிக அருகில் நின்று, அறிக்கை போலப் பேசி முடிவன அவை. நவீனத்துவ மனநிலையும் கட்டற்ற வடிவமும் ஒருவரிடமே சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவருடைய கொள்கை ஏற்படுத்திய தாக்கத்தில் ஒரு பங்கைக்கூட அக்கவிதைகள் ஏற்படுத்தவில்லை. ஓசையையும் படிமத்தையும் ஒருசேரத் துறந்தபின் கவிதைக்கு எஞ்சுவது மிகக் குறைவு என்பதற்கு அவை சான்றாகின்றன. ‘உன் கை நகம்’ போன்ற பசுவய்யாவின் தொடக்கக் கவிதைகள் அந்த வறண்ட நடையை ஏற்றும், கூர்மையான கேலியினால் தப்பித்தன.

நாரணன் பேசுகிறான்

1959 சனவரியில் வெளிவந்த ‘எழுத்து’ முதல் இதழில் சி. சு. செல்லப்பா பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்றை மறுபதிப்புச் செய்தார். அது இயற்கைக் கவிதை அன்று, ‘பெட்டிக்கடை நாரணன்’. போர்க்காலப் பங்கீட்டு நாள்களில், சிறு கடையில் தொடங்கிக் கலப்படத்தாலும் கள்ளத்தனத்தாலும் முன்னேறும் ஒரு வணிகன் தன் கதையைத் தானே சொல்கிறான். இயற்கையின் பாடகர் என்று வகைப்படுத்தப்பட்டவரின் கவிதைகளுள் செல்லப்பா தேர்ந்தது இதனை என்பது அவருடைய திறனாய்வுக் கண்ணைக் காட்டுகிறது.

லாங்பாம் கூறிய நாடகத் தனிமொழியின் இயல்பு இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது. பேசுபவன் தன்னை நியாயப்படுத்திக்கொண்டே செல்கிறான். அவன் குரலுக்குள் புகுந்து கேட்கும் வாசகர் அவனுடைய சாமர்த்தியத்தைச் சற்றே இரசிக்கவும் செய்கிறார்; அதே வேளையில் அவனைத் தீர்ப்பிடவும் செய்கிறார். பரிவும் தீர்ப்பும் ஒன்றையொன்று இழுக்கும் இந்நிலையே அவ்வடிவத்தின் உயிர். எளிய மனிதனின் பேச்சுமொழியைக் கவிதையாக்கும் துணிவு வேர்ட்ஸ்வொர்த்தின் முன்னுரையிலிருந்து வருவது. அந்த எளிய மனிதன் நல்லவனாக இருக்கவேண்டியதில்லை என்னும் அறிவோ பிற்காலத்தது. வேர்ட்ஸ்வொர்த்தின் ஆட்டிடையர் எவரும் அரிசியில் கல் கலந்ததில்லை!

பிச்சமூர்த்தி இவ்வழியில் மேலும் சென்றிருந்தால் தமிழ்க் கவிதையின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அவர் செல்லவில்லை. பிற்காலக் கவிதைகள் பலவற்றில் பாத்திரத்தின் குரல் மறைந்து, அறிவுரை கூறும் குரல் மேலெழுகிறது. உவமை விரிந்து வரும்போதே அதன் பொருளையும் அவரே சொல்லிவிடுகிறார். அவருடைய குறை புனைவியல் மிகுதி என்று கூறப்படுவதை ஏற்பதற்கில்லை. வாசகரை நம்பாமையே அவர் குறை. அது கதாகாலட்சேப மரபிலிருந்து வந்த பழக்கமாகவும் இருக்கலாம்.

‘வானம்பாடி’க்கு இட்ட பெயர்

1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வெளிவரத் தொடங்கியபோது, ‘எழுத்து’ மரபினர் அதனைப் புனைவியல் என்று ஒதுக்கினர். ‘வானம்பாடி’யினர் ‘எழுத்து’ மரபை மேலைநாட்டு விரக்தி என்று ஒதுக்கினர். பாடத்திட்டங்களில் இன்றும் தொடரும் இருபிரிவுப் பகுப்பு இந்த ஏச்சுப்பேச்சின் எச்சமே. இதழின் பெயரே ஷெல்லி பாடிய பறவையின் பெயர் என்பதால் குற்றச்சாட்டு எளிதாக ஒட்டிக்கொண்டது. ஆனால் புனைவியலைப் பொறுத்தவரை இரு சாராரும் விட்மனின் சொத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்களே. விட்மனின் தனிமையும் இயற்கையோடு ஒன்றும் மனமும் பிச்சமூர்த்திக்கு வந்தன. விட்மனின் கூட்டத்தை விளிக்கும் குரல் ‘வானம்பாடி’க்கு வந்தது. வேறுபாடு கேட்பவர் யார் என்பதில் உள்ளது. ஒன்று சிற்றிதழை மடியில் வைத்துத் தனியே படிப்பவருக்கு எழுதப்பட்டது. மற்றொன்று கவியரங்க மேடையை மறக்காமல் எழுதப்பட்டது. அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ (1974) மீமெய்யியல் படிமங்களை நாடிச் சென்றதை இப்பகுப்பின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்று அறியாமல் இலக்கிய வரலாறுகள் தடுமாறுவதும் இதனால்தான்.

இரு பறவைகள்

கலப்பு முழுமை பெற்ற இடத்தைக் காண இரு கவிதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பிச்சமூர்த்தியின் 1962ஆம் ஆண்டுத் தொகுப்பிற்குத் தலைப்பாக அமைந்த ‘காட்டு வாத்து’. மற்றொன்று, திருகோணமலையில் பிறந்து, ‘எழுத்து’வில் தருமு சிவராமு என அறிமுகமாகி, பின்னர்ப் பிரமிள் எனப் பெயர்பெற்றவரின் ‘காவியம்’. முன்னது நீண்டது, பின்னது மிகச் சில வரிகளே உடையது.

பிச்சமூர்த்தியின் காட்டு வாத்து வலசை வரும் பறவை. வழிகாட்டியோ வரைபடமோ இன்றித் தன் உள்ளுணர்வையே நம்பிப் பறப்பது. கணக்கிடும் மனித அறிவு இழந்துவிட்ட ஒன்று அப்பறவையிடம் உள்ளது என்பது கவிதையின் நம்பிக்கை. இது தூய புனைவியல் நிலைப்பாடு: இயற்கை ஆசான், மனிதன் வழிதவறிய மாணவன். பறவை கவிதை முழுதும் கண்முன் இருக்கிறது; அதனைச் சுட்டிப் பேசும் கவிஞரும் இருக்கிறார். ஆனால் அவர் வாழும் காலம் உள்ளுணர்வின் மேல் ஐயம் கொண்டுவிட்ட காலம். அதனால்தான் நம்பிக்கையைக் காட்டுவதோடு அமையாமல் அதற்காக வாதிடவும் வேண்டியிருக்கிறது. ஷெல்லியின் பறவைக்கு வழக்கறிஞர் தேவைப்படவில்லை. பிச்சமூர்த்தியின் பறவைக்குத் தேவைப்பட்டது. கவிதையின் நீளமே இந்த நெருக்கடியின் தடயமாகும். அவருடைய நவீனத்துவம் வரிகளை உடைத்த முறையில் இல்லை. நம்புவதற்கு இவ்வளவு பேசவேண்டியிருக்கிறது என்பதில் உள்ளது.

பிரமிளின் கவிதையில் பறவை கண்முன் இல்லை. உதிர்ந்து காற்றில் செல்லும் ஓர் இறகு மட்டும் கண்முன் உள்ளது. அதன் அசைவு எழுதும் செயலாகக் காணப்படுகிறது. காற்று, சிறகு, விடுதலை, எழுத்தை உயிரின் இயக்கமாகக் காணுதல் ஆகியன யாவும் புனைவியலின் பழைய உடைமைகள். ஆயினும் ‘நான்’ என்பது இல்லை. விளிப்பு இல்லை, வியப்புச் சொல் இல்லை, ஒரே வாக்கியம் மட்டுமே. படிமத்திற்கு வெளியே நின்று அதன் பொருளைச் சொல்லும் குரல் முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது. எலியட் கோரிய ஆளுமை நீக்கம் இங்கே நிறைவேறியிருக்கிறது. ஆனால் அது புனைவியலின் மிக நெருங்கிய பொருள் ஒன்றின்மேல் நிறைவேறியிருக்கிறது. கெர்மோடு ஆங்கிலத்தில் நிறுவ முயன்றதைத் தமிழில் நிறுவ இக்கவிதை ஒன்றே போதும்.

பிச்சமூர்த்தி இன்றிப் பிரமிளின் இறகு இல்லை. பறவையைக் கண்முன் நிறுத்தாமல் விடுவதற்கு, பறவை என்னும் பொருளைக் கவிதைக்குள் ஒருவர் முன்பே நிறைய வைத்திருக்கவேண்டும். பிச்சமூர்த்தியின் கவிதையை முதலிலும் பிரமிளின் கவிதையை அதன் பின்னும் படிப்பவருக்கு, இறகை உதிர்த்துச் சென்றது எந்தப் பறவை என்னும் எண்ணம் தவிர்க்கமுடியாமல் எழும். தலைப்பையும் மறந்துவிடலாகாது. தன்னேரில்லாத் தலைவனையும் நாற்பொருளையும் கொண்டு நடக்கவேண்டியது என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்த காப்பியத்தின் பெயரைச் சில வரிகளின் தலையில் பிரமிள் சூட்டுகிறார். அது சி. மணி செய்வது போன்ற எள்ளலா, பாரதி செய்வது போன்ற பெருமிதமா என்று கவிதையைக்கொண்டு முடிவுசெய்ய இயலவில்லை. இரண்டாகவும் படிக்க அது இடம் தருகிறது. தலைவன் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது ஓர் இறகு.